ரேகை திரும்ப நாலு நாள்

கருங்கல்லில் பஸ் மாறி
ரப்பர் தோட்டம் முடிகிற வளைவில் இறங்கினால்
மணமே வழி சொல்லும்.
கொல்லாங்கொட்டை வறுபடும் மணம்.
முதல் நாள் பசியைக் கிளப்பியது,
மூன்றாம் நாள் தலைவலி.

என்னிடம் இருந்தவை:
இருபத்தாறு கேள்விகள் அச்சிட்ட ஐம்பது படிவங்கள்,
துறையில் கையெழுத்திட்டு வாங்கிய கேமரா,
இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளாத
ஓர் ஆய்வுத் தலைப்பு.

பதினான்காம் கேள்வி:
ரேஷன் கடையில் கைரேகை எந்திரம்
உங்களை மறுத்ததுண்டா? ஆம் / இல்லை.

ரெத்தினபாய் அக்கா சிரித்தார்.
"ஆமாவுக்கும் இல்லைக்கும் எடையில
எடம் கெடக்கா பிள்ளே?"
தோட்டெண்ணெயில் கருத்த பெருவிரலை
அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே
அழுத்தி எடுத்தார்.
கறை இருந்தது. கோடு ஒன்றும் இல்லை.

"நாலு நாள் லீவு போட்டா
ரேகை கொறச்சு திரும்பி வரும்.
அஞ்சாம் நாள் கடைக்குப் போனா அரிசி கிட்டும்.
நாலு நாளைக்க கூலி போவும்.
லீவு போடாட்டி அரிசி போவும்.
படிச்சவதானே, நீயே கணக்குப் போடு."

வகுப்பில் பலகை நிறைய அம்புக்குறிகள் வரைவோம்:
காரணம், விளைவு, தலையீடு.
அக்காவின் அம்பு
கிளம்பிய கட்டத்துக்கே வந்து குத்தி நின்றது.
அழித்து வரைய ரப்பர் தேடினேன்.
வெளியே முந்நூறு ரப்பர் மரங்கள்
பால் வடித்துக்கொண்டு நின்றன.

கேமராவில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.
துவாரத்தை அகலத் திறந்தால் வெளிச்சம் கொட்டும்,
ஆனால் ஒரு விரற்கடை ஆழம்தான் தெளியும்,
மற்றதெல்லாம் அழகாக மங்கும்.
எல்லாம் தெரிய வேண்டுமென்றால்
துவாரத்தைச் சுருக்கி
கை நடுங்காமல்
நெடுநேரம் மூச்சைப் பிடிக்க வேண்டும்.

நான் அகலத் திறந்தேன்.

உள்ளங்கை கிடைத்தது, வெடிப்பு வெடிப்பாக.
பின்னால் மங்கிப் போனவை:
எடைத் தராசு, அதில் கண் வைத்த
மேற்பார்வையாளர் ஸ்டீபன்சன்,
குந்தியிருந்து தோடுடைக்கும் நாற்பது பேர்,
கொல்லத்துக்குப் போக நிற்கும் லாரி,
லாரி போய்ச் சேரும் ஊர்களின் சாப்பாட்டு மேசைகள்,
போன கிறிஸ்துமஸுக்கு
என் வீட்டில் வைத்த பாயசம்.

துறையில் படத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.
கறுப்பு வெள்ளையாக்கினால்
இன்னும் வலி தெரியும் என்றாள் ஜெனிலா.
ஆக்கினேன்.
தெரிந்தது.
அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை,
பரிசுக்கு அனுப்புவதையும் நிறுத்தவில்லை.

மறுவாரம் அக்காவிடம் காட்டினேன்.
தள்ளிப் பிடித்தார், பக்கத்தில் பிடித்தார்.
"இது ஆருக்க கை?"
கேலியா என்று இன்றுவரை தெரியாது.
பிறகு சொன்னார்:
"எனக்க மொகத்த ஒண்ணு எடு.
சங்கத்துக்க கார்டுக்கு வேணும், பாஸ்போட் சைசு.
ஸ்டூடியோக்காரன் நூறு ரூவா சொல்லுதான்."

சாப்பாட்டு மணி.
விமலாரோஸ் ஒரு வெள்ளை வேட்டியைப்
பின்னால் விரித்துப் பிடித்தாள்.
அவளுடைய பத்து விரல்களும்
இரண்டு ஓரத்திலும் கருப்பாக எட்டிப் பார்த்தன.
அக்கா முகத்தைக் கழுவி
சீப்புக்கு அலைந்து
கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டார்.
துவாரத்தைச் சுருக்கினேன்.
கம்மலின் கல்லிலிருந்து வேட்டியின் மடிப்புவரை
எல்லாம் ஒரே தெளிவு.
இதற்கு யாரும் பரிசு தரமாட்டார்கள்.
பின்னால் வரிசை நின்றது.
மணி மறுபடி அடிப்பதற்குள் பதினொரு முகங்கள்.
பன்னிரண்டாவதாக நின்றவள்
தலையை வாரியபடியே உள்ளே திரும்பிப் போனாள்.
அவள் பெயரை நான் கேட்கவில்லை.

இப்போது விடுதி அறையில்
படிவங்களைக் கணினியில் ஏற்றுகிறேன்.
பதினான்காம் கேள்வியில்
ஒன்று அல்லது இரண்டுதான் போட முடியும்.
கறைக்கு எண் இல்லை.
மூன்று போட்டேன்,
கட்டம் சிவந்தது:
செல்லாத பதில், மீண்டும் முயல்க.

இன்று வியாழன்.
திங்கள் முதல் லீவு என்று சொல்லியிருந்தார் அக்கா.
நாலாம் நாள்.